ஒளியின் சிற்பி லூயிஸ் கான்

(மூன்றாமாண்டு, சிவில்)



நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். உடனே மனதில் வந்தவர் விசுவேசுவரய்யாதான். ஆனால் பழைய மலர்களை எடுத்துப் புரட்டினால் வருடா வருடம் அவர்தான் இருக்கிறார்! ஆகவே நம்மில் பலருக்குத் தெரியாத ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் லூயிஸ் கான். கட்டடக் கலைஞர்.

கான் என்றதும் சிலருக்கு சிகாகோவின் சியர்ஸ் டவர் ஞாபகம் வரும். அந்தக் கான் வேறு. அவர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் என்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், வங்காளத்தில் பிறந்து அமெரிக்காவில் கட்டியவர். நம்ம கான் அமெரிக்காவில் வளர்ந்து வங்காளத்தில் கட்டியவர். இதை முதலிலேயே சொல்லி விடுகிறேன், ஏனென்றால் நானே ஒரு வாரம் இரண்டு பேரையும் ஒருவர் என்று நினைத்துக் கொண்டிருந்தேன்.

இவரை நான் தேடிப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. எங்க அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் ஹைஸ்கூலைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அதனால் கட்டடம் சம்பந்தமாக அப்பாவுக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் கேட்பார். போன வருடம் அவர் பூச்சு வேலை பார்த்த ஒரு ஆபீஸ் கட்டடத்தில் முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. திறப்பு விழா முடிந்து இரண்டு மாதம் கழித்து சின்ன ரிப்பேர் வேலைக்காக அங்கே மறுபடி போனார். காலை பதினோரு மணி. வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே எல்லா கர்ட்டனையும் இழுத்து மூடிவிட்டு, எல்லா டியூப் லைட்டையும் போட்டுக் கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ராத்திரி சாப்பிடும்போது அப்பா கேட்டார், வெளிச்சத்துக்காகக் கண்ணாடி போட்டு, கண்ணாடிக்காகக் கர்ட்டன் போட்டு, கர்ட்டனுக்காக லைட் போடுகிறார்களே, இதுக்கு உன் படிப்பிலே என்ன சொல்றாங்க என்று.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது, ஈரப்பதம் மிகுந்த வெப்பப் பகுதி என்றால் ஆறில் ஒரு பங்கு என்று நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். அந்தக் கட்டடத்தில் அதைவிடப் பல மடங்கு கண்ணாடி இருக்கிறதே! பிறகு ஏன் இருட்டு? இந்தக் கேள்வியோடு லைப்ரரியில் தேடியபோதுதான் தடிமனான ஒரு ஆங்கிலப் புத்தகத்தில் கான் எனக்குக் கிடைத்தார். டிக்ஷனரியை வைத்துக் கொண்டு ஒரு மணி நேரத்துக்கு ஒரு பக்கம் என்ற கணக்கில் படித்தேன்.

1901 பிப்ரவரி 20 அன்று, அப்போது ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த எஸ்டோனியாவில், ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தார் அவர். கான் என்பது பிறகு அமெரிக்காவில் வைத்துக் கொண்ட பெயர். அப்பா வண்ணக் கண்ணாடி வேலை தெரிந்தவர். தேவாலய ஜன்னல்களில் சிவப்பும் நீலமுமாகத் தெரியுமே, அந்த வேலை. அம்மா ஹார்ப் என்ற நரம்பு வாத்தியம் வாசிப்பார். சிறு வயதில் அவர்கள் இருந்த குரேஸாரே என்ற ஊரில் கடலோரமாக ஒரு பழைய கோட்டை உண்டு. கனமான கல் சுவர், சின்னச் சின்ன ஜன்னல். இந்தக் கோட்டையை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

மூன்று வயதில் ஒரு விபத்து. கனன்று கொண்டிருந்த நெருப்புக் கங்கின் நிறம் குழந்தைக்குப் பிடித்துப் போயிற்று. அதை அள்ளித் தன் உடுப்பில் போட்டுக் கொண்டது. தீ பற்றி முகமும் கைகளும் வெந்தன. பிழைத்து இப்படி முகத்தோடு வாழ்வதைவிடப் போய்விடுவதே மேல் என்று அப்பா நினைத்தாராம். இல்லை, இவன் பெரிய ஆளாக வருவான் என்று அம்மா சொன்னாராம். இது அந்தக் குடும்பத்தில் சொல்லி வந்த கதை. அந்தத் தழும்பு கடைசி வரைக்கும் அவர் முகத்தில் இருந்தது.

பிழைப்புத் தேடி அப்பா முதலில் அமெரிக்கா போனார். 1906-ல் அம்மாவும் குழந்தைகளும் பிலடெல்பியா போய்ச் சேர்ந்தார்கள. அங்கேயும் வறுமைதான். அப்பாவுக்கு நிலையான வேலை இல்லை, அம்மாவின் பின்னல் வேலையை நம்பிக் குடும்பம் ஓடியது. பள்ளியில் தழும்பு முகத்தைக் கிண்டல் செய்வார்களாம். ஆனால் பையன் படம் வரைந்தால் வாயை மூடிக் கொள்வார்கள். அவ்வளவு நன்றாக வரைவார். ஊமைப்படம் ஓடும் தியேட்டர்களில் பியானோ வாசித்துக் காசு சம்பாதித்தார். பள்ளியின் கடைசி வருடம் கட்டடக் கலை பற்றி ஒரு பாடம் இருந்தது. ஓவியராகப் போக இருந்தவரை அந்த ஒரே பாடம் திருப்பி விட்டது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1924-ல் பட்டம் பெற்றார். பால் கிரே என்ற பிரெஞ்சுக்காரர் அவருக்கு ஆசிரியர். அந்தக் காலத்துப் படிப்பு முறை நமக்கு வியப்பாக இருக்கும். பழைய ரோமானிய, கிரேக்கக் கட்டடங்களை அளவெடுத்தாற்போல் வரைய வேண்டும். வரைந்து முடித்தால் போதாது, எந்த மூலையில் எவ்வளவு நிழல் விழும் என்று மையைக் கரைத்துக் கரைத்துப் பூசிக் காட்ட வேண்டும். நமக்கு ஹேட்சிங் போடவே கை வலிக்கிறது!

பட்டம் வாங்கியாயிற்று, இனி வாழ்க்கை செட்டில் என்று நினைக்காதீர்கள். 1929-ல் அமெரிக்காவின் பங்குச் சந்தை விழுந்தது. கட்டட வேலையே நின்று போயிற்று. 1930-ல் கல்யாணமான கானுக்கு வேலை இல்லை. மனைவி எஸ்தரின் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? 1932-ல் தன்னைப் போலவே வேலையில்லாமல் இருந்த முப்பது பேரைச் சேர்த்துக் கொண்டு, ஏழைகளுக்கு நல்ல குடியிருப்பு எப்படிக் கட்டலாம் என்று ஒரு ஆராய்ச்சிக் குழு நடத்தினார். சம்பளம் கிடையாது. நம் சீனியர்களில் சிலர் டிப்ளமோ முடித்து வேலைக்கு அலையும்போது இந்தப் பகுதியைத்தான் எனக்குத் திரும்பத் திரும்பப் படிக்கத் தோன்றியது.

பிறகு சுமார் இருபது வருடம் தொழிலாளர் குடியிருப்புகள், சின்ன வீடுகள் என்று ஓடியது. பெயர் சொல்லும்படி ஒன்றும் இல்லை. 1947 முதல் யேல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். ஐம்பதாவது வயதை நெருங்கும்போது, 1950-ன் கடைசியில், ரோம் நகரிலுள்ள அமெரிக்க அகாடமியில் சில மாதம் தங்க வாய்ப்பு வந்தது. அங்கிருந்து எகிப்துக்கும் கிரேக்கத்துக்கும் போய் வந்தார். பிரமிடின் ஒரு பக்கம் வெயில், மறு பக்கம் நிழல் என்று கலர்ச் சாக்கால் வரைந்து தள்ளினார். கூரை போன, ஜன்னல் சட்டம் போன, வெறும் சுவரும் ஓட்டையுமாக நிற்கும் இடிபாடுகளில் வெளிச்சம் விழும் அழகைப் பார்த்தார். இருபது வயதில் மை பூசி வரைந்த அதே கட்டடங்கள்தான். ஆனால் இப்போது அவை வேறாகத் தெரிந்தன.

இங்கே கொஞ்சம் நிற்போம். ரோமில் பாந்தியன் என்று ஒரு கோயில் இருக்கிறது. ஹேட்ரியன் பேரரசர் காலத்தில், கி.பி. 120-களில் கட்டி முடித்தது. கம்பியே இல்லாத கான்கிரீட் டோம், விட்டம் 43.3 மீட்டர். சுவர் கனம் சுமார் 6 மீட்டர். ஜன்னல் ஒன்று கூடக் கிடையாது. டோமின் உச்சியில் சுமார் 9 மீட்டர் விட்டத்தில் ஒரு வட்டத் திறப்பு, அதற்குக் கண்ணாடியும் கிடையாது. மழை பெய்தால் உள்ளேதான் பெய்யும். தரையில் லேசாக வாட்டம் கொடுத்துத் துளைகள் வைத்திருக்கிறார்கள், தண்ணீர் வடிந்து விடும்.

நான் கால்குலேட்டரை எடுத்துக் கணக்குப் போட்டேன். தரைப் பரப்பு ஏறக்குறைய 1,470 சதுர மீட்டர். திறப்பு 64 சதுர மீட்டர். இருபத்து மூன்றில் ஒரு பங்கு! நம் புத்தகப்படி பார்த்தால் பாந்தியன் ஃபெயில். அரியர்தான். ஆனால் வாசல் வழியாக வருவதைத் தவிர வேறு வெளிச்சம் இல்லாமலே பதினெட்டு நூற்றாண்டுக்கு மேலாக மனிதர்கள் உள்ளே போய் அண்ணாந்து பார்த்துக் கொண்டிருக்கிறார்கள்.

எப்படி? இரண்டு காரணம் புரிந்தது. ஒன்று, மேகம் மூடிய வானத்தில் தலைக்கு மேலே உள்ள பகுதி அடிவானத்தைப் போல் மூன்று மடங்கு பிரகாசமானது. ஆகவே மேலே உள்ள ஒரு சதுர அடித் திறப்பு பக்கவாட்டுச் சதுர அடியைவிட அதிகம் தரும். இரண்டாவது இன்னும் முக்கியம். உள்ளே நிற்பவனின் கண்ணுக்கு நேராக வெளிச்சம் அடிப்பதில்லை. முதலில் வளைந்த கூரையிலும் சுவரிலும் தரையிலும் பட்டு, பிறகுதான் நம்மிடம் வருகிறது. பழைய கோட்டைகளிலும் இதே கதைதான். ஜன்னல் வெளியே சிறியது. ஆனால் கனமான சுவருக்குள் அந்தத் திறப்பு உட்பக்கமாக விரிந்துகொண்டே வரும். வெயில் அந்தச் சாய்ந்த பக்கத்தில் பட்டுச் சாந்தமாகி அறைக்குள் இறங்கும். சுவரின் கனமே ஒரு விளக்கு மூடி போல வேலை செய்கிறது. கான் பிற்காலத்தில் ஸ்காட்லாந்துக் கோட்டைகளின் சுவர்களை அவ்வளவு விரும்பிப் பார்த்ததில் ஆச்சரியம் இல்லை.

இப்போது நவீனக் கட்டடம். முன்பெல்லாம் அறையின் ஆழத்துக்கு ஒரு அளவு இருந்தது. ஜன்னலின் மேல்மட்ட உயரத்தைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு தூரம் வரைதான் பகல் வெளிச்சம் உதவும். லிண்டல் ஏழு அடியில் இருந்தால் பதினைந்து, பதினேழு அடிக்கு மேல் உள்ளே போனால் மங்கல். அதனால்தான் பழைய கட்டடங்கள் ஒடுக்கமாகவோ, நடுவில் முற்றம் வைத்தோ இருக்கின்றன. 1938-ல் டியூப் லைட் விற்பனைக்கு வந்தது. ஏ.சி.யும் பரவியது. இனி ஜன்னல் எங்கே இருந்தால் என்ன? எவ்வளவு ஆழமான ஹாலும் கட்டலாம். சுவருக்கு எடையைத் தாங்கும் வேலையும் போய்விட்டது, ஃபிரேம் தாங்குகிறது. எனவே சுவர் இருந்த இடத்தில் கண்ணாடி வந்தது. ஒருபக்கம் வெளிச்சமே தேவையில்லாத கட்டடம், இன்னொரு பக்கம் சுவரே இல்லாமல் எல்லாம் கண்ணாடி. இரண்டும் ஒரே கட்டடமாக இருப்பதுதான் வேடிக்கை.

உச்சி வெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். மேஜையில் எழுதப் படிக்க 300 லக்ஸ் போதும். அந்த ஆபீஸில் கண்ணாடி ஓரம் உட்கார்ந்தவர் முகத்தில் வெயில் அடிக்கிறது, கர்ட்டனை இழுக்கிறார். உள்ளே தள்ளி உட்கார்ந்தவருக்குக் கண்ணாடி கண்ணைக் கூச வைக்கிறது. ராத்திரி எதிரே லாரி ஹெட்லைட் அடித்தால் ரோடு தெரியாமல் போகிறதே, அதே மாதிரி அவர் மேஜை அவருக்கே இருட்டாகத் தெரிகிறது. அவரும் கர்ட்டனை இழுக்கச் சொல்கிறார். பிறகு லைட்டைப் போட வேண்டியதுதானே! அப்பாவின் கேள்விக்கு இதுதான் பதில். வெளிச்சம் குறைவு என்பதல்ல பிரச்னை. வந்த வெளிச்சத்தைத் தணிக்க அங்கே சுவர் இல்லை.

இந்தப் பதில் கானுக்கு முதலிலேயே தெரிந்துவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். அவரும் இதில் தோற்றிருக்கிறார், அதுவும் ஊரறிய. தான் படித்த பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கே ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆராய்ச்சிக் கூடத்தை 1957 முதல் கட்டினார். செங்கல் கோபுரங்கள், முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் உத்தரங்கள், மூலைகளில் தூணே இல்லாமல் கண்ணாடி. உலகமே பாராட்டியது. 1961-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இந்த ஒரு கட்டடத்துக்காகத் தனிக் கண்காட்சியே வைத்தது. ஆனால் உள்ளே வேலை பார்த்த விஞ்ஞானிகள்? வெயில் தாங்கவில்லை, கண் கூசுகிறது என்று கண்ணாடி மேல் அலுமினியத் தாளை ஒட்டிக் கொண்டார்கள். அவருக்கு அறுபது வயது. புகழின் உச்சி. கட்டடத்தின் கண்ணாடியில் தாள்!

அதே சமயத்தில் வேறொரு வேலைக்காக ஆப்பிரிக்காவின் லுவாண்டா நகரம் போனார். அங்கோலாவில் அமெரிக்கத் தூதரக அலுவலகம் கட்டித் தர வேண்டும். வெயில் நம் ஊர் வெயில் மாதிரி. அங்கே மக்களைப் பார்த்துக் கொண்டே இருந்தார். வேலை செய்பவர்கள் வெயிலைப் பார்த்து உட்காராமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. அவருக்குப் பொறி தட்டியது. ஜன்னலுக்கு முன்னால், சில அடி தள்ளி, பெரிய ஓட்டைகளோடு இன்னொரு சுவரை நிறுத்தினால்? வெயில் வெளிச் சுவரோடு நிற்கும், வெளிச்சம் மட்டும் உள்ளே வரும், நடுவில் காற்றும் ஓடும். ரோமில் பார்த்த இடிபாட்டைப் புதுக் கட்டடத்துக்குச் சட்டை மாட்டுவது போல மாட்டி விட்டார்! அந்தத் தூதரகம் கட்டப்படவே இல்லை. ஆனால் அந்த யோசனை வீணாகவில்லை.

1962-ல் அந்த யோசனைக்கு நம் நாட்டிலேயே வேலை கிடைத்தது. அகமதாபாத்தில் இந்திய மேலாண்மைக் கழகம் தொடங்கியபோது, அந்த ஊர்க் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி, கானை அழைக்கும்படி சொன்னார். முழுக்க முழுக்கச் செங்கல். சுவர்களில் ஆள் உயரத்தைவிடப் பெரிய வட்டங்கள், வளைவுகள். வளைவின் கால்கள் விரிந்து விடாமல் கான்கிரீட் டையால் இழுத்துப் பிடித்திருப்பார்கள். படத்தை அப்பாவிடம் காட்டினேன். மற்ற எதையும் சொல்லாமல் அந்தச் செங்கல் வளைவின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்தார். வட்டத்துக்குப் பின்னால் நிழல் நிறைந்த தாழ்வாரம், அதற்கும் பின்னால்தான் அறையின் ஜன்னல். வெளியே ஒரு லட்சம் லக்ஸ், தாழ்வாரத்தில் தணிந்து, அறையில் புத்தகம் படிக்கும் அளவுக்கு இறங்குகிறது. கர்ட்டன் தேவையில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். செங்கல் கட்டுமானத்தில் நீர்க் கசிவு வந்தது, 2001 பூகம்பமும் பாதித்தது. விடுதிகளில் பதினான்கை இடித்துக் கட்டப் போவதாக 2020 டிசம்பரில் செய்தி வந்து உலகெங்கும் எதிர்ப்புக் கிளம்ப, சில நாட்களிலேயே கைவிட்டார்கள். 2022-ல் அந்தப் பேச்சு மறுபடி எழுந்தது. வெளிச்சத்தை ஜெயித்தவர் ஈரத்தை ஜெயிக்கவில்லை என்று சொல்லலாமா? எனக்குத் தெரிந்தவரை சொல்லலாம்.

அதே 1962-ல் டாக்கா வேலையும் வந்தது. அப்போது அது கிழக்குப் பாகிஸ்தான். பார்லிமென்ட் கட்டடம். கான்கிரீட் சுவரில் மாடி உயரத்துக்கு முக்கோணம், வட்டம் என்று திறப்புகள். ஐந்து அடிக்கு ஒரு வெள்ளைப் பளிங்குப் பட்டை ஓடும். ஒரு நாளில் போட முடிந்த கான்கிரீட் அவ்வளவுதான், அந்த ஜாயின்ட்டை மறைக்காமல் அழகாக்கி விட்டார். நாம் கன்ஸ்ட்ரக்ஷன் ஜாயின்ட் என்றால் பூசி மறைப்பது என்றுதானே நினைக்கிறோம்! மூங்கில் சாரம் கட்டி, கூடை கூடையாகத் தலையில் சுமந்து கட்டினார்கள். 1971-ல் போர் வந்து வேலை நின்றது. வங்கதேசம் பிறந்த பிறகு தொடர்ந்து, 1982-ல் முடிந்தது. உறுப்பினர்கள் அமரும் நடு மண்டபத்துக்குக் குடை போன்ற கூரை. குடையின் ஓரங்களைச் சுற்றி வெளிச்சம் வழிந்து சுவரில் பட்டு இறங்கும். பாந்தியனின் கொள்ளுப்பேரன் என்று நான் சொல்வேன்.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பு, டெக்சாஸ் மாநிலத்தின் கிம்பெல் ஓவிய அருங்காட்சியகம், 1972. ஓவியங்களுக்குப் பகல் வெளிச்சம் விரோதி. ஆயில் பெயின்டிங் என்றால் 200 லக்ஸுக்கு மேல் ஆகாது, நிறம் போய்விடும். அதனால் நவீன அருங்காட்சியகங்கள் பலவும் ஜன்னலை அடைத்துவிட்டு விளக்குப் போட்டன. ஓவியன் அதைப் பகலில்தானே வரைந்தான், பகலில்தான் பார்க்க வேண்டும் என்று கான் பிடிவாதம் பிடித்தார். 100 அடி நீளம், 23 அடி அகலத்தில் பதினாறு வளைவுக் கூரைகள். அந்த வளைவு என்ன தெரியுமா? சைக்ளாய்டு! முதல் வருடம் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸில் உருளும் சக்கரத்தின் விளிம்புப் புள்ளி போகும் பாதையைப் பன்னிரண்டாகப் பிரித்துப் பிரித்து வரைந்தோமே, அதேதான். இதனால் யாருக்கு என்ன லாபம் என்று அன்றைக்கு நான் முணுமுணுத்ததை இங்கே வாபஸ் வாங்குகிறேன்.

அந்த வளைவின் உச்சியில் நீளவாக்கில் சுமார் இரண்டரை அடிக்கு ஒரு கீறல். ஆர்ச்சின் உச்சிக் கல்லை எடுத்துவிட்டால் ஆர்ச் நிற்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். நிற்காது. ஆகவே அது ஆர்ச்சே இல்லை. அகஸ்ட் கோமெண்டன்ட் என்ற இன்ஜினியர் அதை நூறு அடி நீளமுள்ள ஒரு பீமாக நினைத்து, உள்ளே கேபிள் விட்டு இழுத்து, நான்கு மூலைத் தூண்களில் நிறுத்தினார். கீறலுக்குக் கீழே பறவையின் இறக்கை போல வளைந்த, துளை போட்ட அலுமினியத் தகடு. டெக்சாஸ் வெயில் கீறல் வழியாக இறங்கி, தகட்டில் பட்டு, திரும்பவும் மேலே போய் கான்கிரீட் வளைவைத் தடவிக் கொண்டு, அதன் பிறகுதான் கீழே வருகிறது. வெறும் கான்கிரீட் வெள்ளி மாதிரி மின்னுகிறது. வெளியே மேகம் போனால் உள்ளே இருப்பவனுக்குத் தெரிகிறது. ஆனால் ஓவியத்துக்குக் கேடு இல்லை. பாந்தியன் 43 மீட்டரில் செய்ததை இவர் 23 அடியில் செய்துவிட்டார், அதுவும் மழை ஒழுகாமல்.

எக்ஸட்டர் என்ற ஊர்ப் பள்ளி நூலகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜன்னலோரம் மாணவனுக்கு ஒரு மர மேஜை. மேலே பெரிய ஜன்னல் அறைக்கு. கண் மட்டத்தில் அந்த மாணவனுக்கு மட்டும் ஒரு சின்ன ஜன்னல், நகர்த்தும் மரக் கதவோடு. வெளிச்சம் வேண்டுமா, கவனம் சிதறாமல் இருக்க வேண்டுமா என்று அவனே முடிவு செய்யலாம். எங்கள் வீட்டில் ஒரே அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு ஜன்னல். டென்த் படிக்கும்போது வாசல்படியில் உட்கார்ந்துதான் படித்தேன். வெயில் நகர நகர நானும் நகர்வேன். அந்த மேஜையின் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக் கொண்டிருந்தேன்.

பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுதும்போது நல்லதை மட்டும் எழுதும் வழக்கம் நம் மலர்களில் உண்டு. கான் குடும்ப விஷயத்தில் பின்பற்றத் தக்கவர் அல்ல. மனைவி எஸ்தர் இருக்கும்போதே வேறு இரண்டு பெண்களோடும் வாழ்ந்து, மூவருக்கும் ஒவ்வொரு குழந்தை. அவருடைய மகன் நதானியேல் அப்பாவைத் தேடிப் போவது போல 2003-ல் ஒரு ஆவணப்படம் எடுத்தார். பணக் கணக்கும் வராது. ஒரு பிளானைத் திருப்தி வரும்வரை திரும்பத் திரும்ப மாற்றுவார், ஆபீஸ் கடனில் மூழ்கும்.

1974 மார்ச் மாதம் அகமதாபாத்துக்கு வந்து வேலையைப் பார்த்துவிட்டு அமெரிக்கா திரும்பினார். மார்ச் 17 அன்று நியூயார்க்கின் பென்சில்வேனியா ஸ்டேஷனில், வீட்டுக்குப் போகும் ரயிலுக்கு முன்னால், மாரடைப்பு. கழிப்பறையில் இறந்து கிடந்தார். குடும்பத்தாருக்குத் தகவல் போய்ச் சேர இரண்டு நாள் ஆயிற்று. அதுவரை அவர் உடல் சவக்கிடங்கில் இருந்தது. வயது எழுபத்து மூன்று. விட்டுப் போனது பெரும் கடன்.

நியூ ஹேவன் ஊரில் ஒரே தெருவில் எதிரும் புதிருமாக அவருடைய இரண்டு கட்டடங்கள் இருக்கின்றன. ஒன்று 1953-ல் முடிந்த யேல் கலைக்கூடம், அவருடைய முதல் பெரிய வேலை. தெருப் பக்கம் ஜன்னலே இல்லாத செங்கல் சுவர், தோட்டப் பக்கம் தரையிலிருந்து மேலே வரை கண்ணாடி. அவருக்கு அப்போது சுவர் தெரியும், கண்ணாடி தெரியும், இரண்டுக்கும் நடுவே என்ன செய்வது என்று தெரியவில்லை. எதிரே இருப்பது பிரிட்டிஷ் கலைக்கான யேல் மையம். அவர் இறந்து மூன்று வருடம் கழித்து, 1977-ல் திறந்தது. அதன் கூரை முழுவதும் கட்டம் கட்டமாக வெளிச்சத் திறப்புகள், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஆழமான கான்கிரீட் குழி. பழைய கோட்டைச் சுவரை அப்படியே படுக்க வைத்தது போல.

இந்தக் கூரைப் படத்தையும் அப்பாவிடம் காட்டி, பாந்தியன் முதல் எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், அத்தனை ஓட்டை மேலே வைத்தால் கொஞ்ச வருடத்தில் மாற்ற வேண்டி வருமே என்றார். மறுநாள் தேடிப் பார்த்தேன். 2023-ல் அந்த மையத்தை மூடி, கூரையையும் அந்தத் திறப்புகளின் மூடிகளையும் புதிதாக மாற்றி, 2025-ல்தான் மறுபடி திறந்திருக்கிறார்கள்.